ஆள் இல்லை

...இல்லை, இவரை விட்டுவிட்டு எப்படிப் போவது, மேல் மாடியில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டு டீன் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் கணக்கதிகாரி, வேறொரு கல்லூரியிலிருந்து வரவழைத்த நிபுணர், எல்லாரும் காத்திருப்பார்கள், மயக்கவியல் துறைக்கு உதவிப் பேராசிரியர்கள் தேவை என்று விளம்பரம் கொடுத்து இன்றைக்கு நேர்முகத் தேர்வு, துறைத்தலைவி மட்டும் இங்கே ஆப்பரேஷன் தியேட்டரில், மேசையின் தலைமாட்டில், முக்காலியில் உட்கார்ந்து, வயிறு திறந்து கிடக்கிற ஒரு மனிதருக்கு மூச்சு சரியாகப் போய் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். துறைக்கு ஆள் எடுக்கும் கூட்டத்துக்குத் துறைத்தலைவியால் போக முடியவில்லை, ஏனென்றால் துறையில் ஆள் இல்லை. நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. மாஸ்க்குக்குள் சிரித்தும் பார்த்தாள். யாருக்குத் தெரியப் போகிறது... திரைக்கு அந்தப் பக்கம் சர்ஜனும் அவருடைய உதவியாளர்களும் புதிதாக வாங்கப் போகும் காரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள், சிஸ்டர் பஞ்சுகளை எண்ணிக்கொண்டிருந்தாள், இந்தப் பக்கம் அவளும் இந்த லாரி டிரைவரும் மட்டும், அவரோ தூங்குகிறார். காலையில் மேசையில் ஏறிப் படுத்ததும் அவர் கேட்டார், "நீங்கதான் ஆப்பரேஷன் பண்றீங்களாம்மா?" "இல்லைங்க, நான் தூங்க வைக்கிறவ." "ஓ, அவ்வளவுதானா." பயத்தில்தான் அப்படிச் சொன்னார், அவமதிக்கச் சொல்லவில்லை, ஆனாலும் எத்தனை வருடமாகக் கேட்டாலும் அந்த 'அவ்வளவுதானா' பழகிப் போகவில்லையே, ஏன்? "தூங்க வெச்சுட்டுப் போயிடுவீங்களா?" என்று அடுத்த கேள்வி. "போக மாட்டேன், நீங்க கண் முழிக்கிற வரைக்கும் உங்க தலைமாட்டுலயேதான் இருப்பேன்." அவர் நம்பினாரா தெரியாது, நம்புவதற்குள் கண் சொருகிவிட்டது. வெளியே அவர் மனைவி காத்திருக்கிறாள், சர்ஜனைக் கண்டால் கும்பிடுவாள், இவளைக் கடந்து போனாலும் அடையாளம் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

டீனிடம் போன வாரம் பேசியதை மறுபடி ஓட்டிப் பார்த்தாள், அந்த மனிதரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது, அதுதான் கஷ்டம். "மேடம், உங்க துறைக்குன்னு தனியா வருமானம் எங்க இருக்கு சொல்லுங்க? எலும்பு டிபார்ட்மென்ட்டுக்கு இருக்கு, இதயத்துக்கு இருக்கு, உங்களோடது அவங்க கணக்குலதானே போகுது" என்றார். அவங்க கணக்கில்தான் போகிறது. மேசையில் ஏறுகிற ஒவ்வொருவரும் இவள் துறையின் கைக்குள் வந்துதான் இறங்குகிறார்கள், ஆனால் கட்டணம் எழுதும்போது கறிவேப்பிலையை எடுத்து ஓரமாக வைப்பதுபோல வைத்துவிடுகிறார்கள். பல்கலைக்கழகம் தருகிற பணம் சம்பளத்தில் பாதிக்குக்கூடக் காணாது, மிச்சத்தை மருத்துவமனை போட வேண்டும், மருத்துவமனை கேட்கிறது, ஆப்பரேஷன் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், அப்புறம் ஆள் தருகிறோம். எண்ணிக்கையைக் கூட்ட ஆள் வேண்டாமா சார்? ஆள் வேண்டுமென்றால் பணம் வேண்டாமா மேடம்? பணம் வேண்டுமென்றால் எண்ணிக்கையைக்... செக்கு மாடு மாதிரி இரண்டு பேரும் சுற்றிச் சுற்றி வந்தார்கள், கடைசியில் டீனே களைத்துப் போய் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பக்கத்து பிரைவேட்ல மூணு மடங்கு தர்றாங்க, நான் என்னத்தக் காட்டி ஆளக் கூப்பிடறது?" என்று கேட்டார். அவளிடமே கேட்டார். படிப்பு சொல்லித்தருகிற இடம் என்று சொல்லலாம் சார், என்றாள். சொல்லிவிட்டு இரண்டு பேருமே ஜன்னலைப் பார்த்தார்கள். வியாழக்கிழமை வகுப்பு நின்று எவ்வளவு நாளாகிறது? மாணவர்கள் வருகிறார்கள், மயக்கம் கொடுக்கக் கற்றுக்கொள்ள வருகிறார்கள், ஒரு தியேட்டரில் கொண்டுபோய் நிறுத்தினால் அங்கேயே நிற்கிறார்கள், ஏன் எதற்கு என்று விளக்க நேரமில்லை, கையும் காலுமாகப் பயன்படுத்திக்கொள்கிறோம், பிறகு அவர்களும் பரீட்சை எழுதிவிட்டு மூன்று மடங்குக்குப் போகிறார்கள், போகாமல் என்ன செய்வார்கள்? முன்பெல்லாம் அவள் வகுப்பில் ஒரு ஜோக் உண்டு, தியேட்டரில்தான் தூங்க வைக்கிறாங்கன்னா இங்கயுமா மேடம், என்று பின் பெஞ்சிலிருந்து ஒருவன் முணுமுணுக்க எல்லாரும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு...

மூச்சுக் கருவி மெல்ல ஏறி இறங்கியது. பல்ஸ் சத்தம் சீராக இருந்தது, இந்தச் சத்தத்தை அவள் காது கேட்பதில்லை, மாறினால் மட்டும்தான் கேட்கும், வீட்டில் கடிகாரம் மாதிரி. வீட்டில் இப்போது கடிகாரச் சத்தம் கேட்கிறது. கணவர் மகன் வீட்டுக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது, பேரன் பிறந்தபோது போனார், மருமகளுக்கு ஒத்தாசையாக இருக்கட்டுமே என்று, இரண்டு வாரத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு பேரும் சேர்ந்து போவதாகத்தான் பேச்சு. விடுப்பு விண்ணப்பம் எழுதினாள், துறைத்தலைவர் ஒப்புதல் என்று ஓர் இடம் இருந்தது, துறைத்தலைவர் அவளேதான், பணிப் பட்டியலை ஒரு தடவை பார்த்தாள், கிழித்துப் போட்டாள். தன் லீவைத் தானே நிராகரித்த ஒரே ஆள் உலகத்தில் நான்தான் என்று அவரிடம் சொல்லிச் சிரித்தாள், அவர் சிரிக்கவில்லை, பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தார். சண்டையெல்லாம் இல்லை, முப்பது வருடத்தில் பெரிய சண்டை என்று ஒன்றும் இல்லை. முந்தாநாள் போனில், "பையன் தவழ ஆரம்பிச்சுட்டான், நீ வந்து பார்க்கறதுக்குள்ள ஓடவே ஆரம்பிச்சுடுவான் போல" என்றார். "என்ன பண்றதுங்க, ஆள் இல்லையே" என்றாள். முன்பானால் அதற்கு ஏதாவது சொல்வார், நீ இல்லன்னா ஆஸ்பத்திரிய இழுத்து மூடிடுவாங்களா, என்று ஒரு குத்தாவது இருக்கும், இப்போது "ம்" என்றார், அவ்வளவுதான், அந்த 'ம்'முக்குப் பிறகு பின்னால் குழந்தை எதையோ தட்டுகிற சத்தம், மருமகள் சிரிக்கிற சத்தம், ஒரு வீடு நிறைய ஆள் இருக்கிற சத்தம். வைத்துவிடவா, என்று கேட்டது யார், அவரா அவளா?

எக்ஸ்பிரஸ் இருந்தவரை சமாளித்தாள். அவன் பேசுகிற வேகத்துக்கு மாணவர்கள் வைத்த பேர் அது, அவள் கையில் படித்து, அவள் கீழேயே வேலைக்குச் சேர்ந்தவன், அவனை நம்பி ஒரு தியேட்டரை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம், வேறென்ன வேண்டும் ஒரு மனிதனிடம்? போன மழைக்காலத்தில் ஒரு நாள் அறைக்கு வந்து நின்றான், முதல் தடவையாக மெதுவாகப் பேசினான். "மேடம், எனக்கு ரெண்டு பிள்ளைங்க. நான் நைட்டு போறேன், காலையில வர்றேன், சின்னவ என்னப் பார்த்து அங்கிள்ங்கறா மேடம்." போ என்று சொன்னாள், வேறென்ன சொல்வாள், கைகொடுத்து வாழ்த்தும் சொன்னாள். அவன் போன பிறகு அவன் நாற்காலியில் எல்லாரும் பையை வைக்கிறார்கள்.

சுவரில் போன் அடித்தது. சிஸ்டர் எடுத்துக் காதில் வைத்து, வயரை இழுத்துக்கொண்டு அவள் காது வரை கொண்டு வந்தாள். டீன் அலுவலகம். ஒருத்தர் வந்திருக்கிறார், ஒரே ஒருத்தர்தான், மற்ற யாரும் வரவில்லை, மேடம் எப்போது வருகிறீர்கள்? "எப்படிங்க வர்றது, வயிறு திறந்திருக்கு. என்னை மாத்தி விட ஆள் இல்ல." அந்த முனையில் யாரோ யாரையோ கேட்டார்கள், கணக்கதிகாரியின் இருமல் கேட்டது, வந்தவர் இன்னொரு இடத்துக்கும் போக வேண்டுமாம், காத்திருக்க மாட்டாராம்... அவள் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை, "அப்ப இங்க அனுப்புங்க" என்றாள். "எங்க மேடம்?" "தியேட்டருக்கு. உடை மாத்திக்கிட்டு உள்ள வரச் சொல்லுங்க. நான் இங்கயே பேசிக்கறேன், பேசிட்டு மேல அனுப்பறேன்." திரைக்கு அந்தப் பக்கம் சர்ஜன் தலையைத் தூக்கினார். "என்ன மேடம், பொண்ணு பார்க்கற படலம் இங்கயேவா?" என்றார். உதவியாளர்கள் சிரித்தார்கள். "நீங்க உங்க குடலப் பாருங்க" என்றாள், "அவரோட குடல்" என்று திருத்தினாள், அதற்கும் சிரித்தார்கள்.

உள்ளே வந்தவளின் கண்கள் மட்டும் தெரிந்தன, தொப்பிக்கும் மாஸ்க்குக்கும் நடுவில், முப்பத்தைந்து நாற்பது இருக்கலாம், தூங்காத கண்கள், இந்தத் தொழிலில் எல்லாருக்கும் அதே கண்கள்தான். வணக்கம் மேடம், என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் முதலில் நோயாளியைப் பார்த்தாள், பிறகு திரையில் ஓடும் எண்களை, பிறகு சொட்டு இறங்குவதை, கடைசியாகத்தான் இவளை. சரியான வரிசை. அதற்கே வேலை கொடுத்துவிடலாம். எங்கே இருக்கிறாய் என்று கேட்டாள், ஒரு தனியார் மருத்துவமனை, ஆறு வருடம், சம்பளம் நன்றாகத் தருகிறார்கள். "அப்புறம் எதுக்கும்மா இங்க?" "அங்க நான் ஒருத்திதான் மேடம். காலையில போனா சாயங்காலம் வரைக்கும் தூங்கறவங்க கூடவே இருக்கேன். ஒரு கேஸ் கஷ்டமாப் போச்சுன்னா, நான் பண்ணினது சரியா தப்பான்னு கேக்கறதுக்கு ஒரு ஆள் கிடையாது. அப்பப்ப எனக்கு நானே சத்தமாப் பேசிக்கறேன். சிஸ்டரெல்லாம் ஒரு மாதிரி பாக்கறாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள், கண் ஓரம் சுருங்கியது. "இங்க நாலு பேர் இருப்பாங்க, சொல்லிக்குடுக்கலாம், கத்துக்கலாம்னு..." இங்கே நாலு பேர். முக்காலியின் இரும்பு தொடையில் குளிர்ந்தது. சொல்லிவிடலாமா? ஆமாம் அம்மா, நாலு பேர் என்ன, நிறைய பேர், மதியம் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து கேஸ்களைப் பற்றி வாதாடுவோம்... ஒரு காலத்தில் உண்மைதானே, முழுப்பொய் ஆகாதே. "இப்ப எத்தனை பேர் இருக்கீங்க மேடம்?" என்று பெண் கேட்டேவிட்டாள். "பேப்பர்ல பதினஞ்சு" என்றாள். "நேர்ல எண்ணறதுக்கு ஒரு கை போதும். அதுலயும் ஒரு விரல் பிரசவ லீவுல இருக்கு." சொன்ன பிறகு, போச்சு, என்று நினைத்தாள், இருந்த ஒருத்தியையும் நானே விரட்டிவிட்டேன், டீனுக்கு என்ன பதில் சொல்வது?

பெண்ணின் பார்வை கீழே தரையில் இருந்தது. "மேடம், உறிஞ்சற ஜாடியப் பாருங்க" என்றாள், கிசுகிசுப்பாக. வயிற்றிலிருந்து உறிஞ்சுகிற ரத்தம் சேரும் ஜாடியில் மட்டம் ஏறியிருந்தது, இப்போதுதான், நிறமும் அடர்த்தியாக, அவள் திரும்பிப் பார்க்கவும் பல்ஸ் சத்தம் மாறுவதற்கும் சரியாக இருந்தது, அவளுக்குக் கேட்டுவிட்டது, பிரஷர் இறங்குகிறது, கை தானாகப் போய் மருந்தை ஏற்றியது, சொட்டை முழுசாகத் திறந்தது. "சார், நிறுத்துங்க. ரத்தம் எங்கயோ போகுது." "கொஞ்சம்தான் மேடம், இத முடிச்சுட்டு..." "முடிக்க வேண்டாம். இப்பவே அழுத்திப் பிடிங்க." கார் பேச்சு நின்றுவிட்டது. சிஸ்டர் ரத்த வங்கிக்குப் போன் செய்தாள். அந்தப் பெண் எதையும் தொடவில்லை, தொடக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, இரண்டு கைகளையும் மார்புக்குக் குறுக்காகக் கட்டிக்கொண்டு நின்றாள், ஆனால் அடுத்து எந்த ஊசி வேண்டுமோ அதன் மீதே அவள் கண் இருந்தது, இவள் கை போவதற்கு முன்னால் அங்கே போய் நின்றது. எத்தனை நாளாயிற்று, நாம் பார்ப்பதையே பார்க்கிற இன்னொரு ஜோடிக் கண் பக்கத்தில் நின்று... சர்ஜன் ரத்தக்குழாயைப் பிடித்துவிட்டார், முடிச்சுப் போட்டார், எண்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறின, எல்லாருக்கும் மூச்சு வந்தது. "தேங்க்ஸ் மேடம்" என்றார் சர்ஜன், திரைக்கு மேல். வழக்கமாகச் சொல்ல மாட்டார். "அவங்களுக்குச் சொல்லுங்க" என்றாள்.

ஒரு கேள்வி கேட்கலாமா, தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது, என்றாள் பெண். கேள், என்றாள். "எல்லாரும் போயிட்டாங்கன்னு சொல்றீங்க. நீங்க ஏன் மேடம் போகல?" அதற்குப் பதில் தயாராக இருந்தது, பல பேருக்குச் சொன்ன பதில், பிரிவு உபசார விழாக்களில், ஆய்வுக்கு வருகிறவர்களிடம், தங்கையிடம்கூட... "சொல்லிக்குடுக்கறது எனக்குப் பிடிக்கும்மா." "கடைசியா எப்ப கிளாஸ் எடுத்தீங்க?" கேலியே இல்லை அந்தக் குரலில், தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள். இவள் யோசித்தாள், உண்மையாகவே யோசித்தாள், மழைக்கு முன்பா, இல்லை, எக்ஸ்பிரஸ் இருந்தபோது, ஒரு வியாழன், பாதியில் கூப்பிட்டுவிட்டார்கள், கரும்பலகையில் எழுதிய வரியைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினாள். நினைவில்லையே, என்றாள். பெண் தலையாட்டினாள், மேலே போகட்டுமா என்று கேட்டாள், போனாள். போகும்போதும் ஒரு தடவை திரும்பி எண்களைப் பார்த்துவிட்டுத்தான் போனாள். நீங்க ஏன் போகல... யாரும் இதுவரை கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது, எல்லாரும் ஏன் போகிறீர்கள் என்றுதானே கேட்பார்கள், போகிறவனைப் பிடித்து நிறுத்தித்தானே காரணம் கேட்பார்கள், இருக்கிறவளிடம் யார் கேட்கிறார்கள்?

வயிற்றை மூடினார்கள். லாரி டிரைவர் கண் திறந்தார், "முடிஞ்சுதா?" என்றார், கரகரப்பாக, "நல்லபடியா முடிஞ்சுது" என்று குனிந்து காதில் சொன்னாள், அவர் திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டார், இவளைத் தேடவில்லை, அதுதான் நல்ல மயக்கத்துக்கு அடையாளம். பக்கத்து அறையில் அவரைப் படுக்க வைத்து, மூச்சையும் பிரஷரையும் இன்னொரு தடவை பார்த்து, அங்கே இருந்த சிஸ்டரிடம் எல்லாம் சொல்லி ஒப்படைத்த பிறகுதான் டீனின் போன் வந்தது. "மேடம், அந்தப் பொண்ணு சேர்றேங்கறாங்க." "சேர்றாங்களா?" "சேர்றாங்க, ஆனா ஒரு கண்டிஷன் போடறாங்க. வாரத்துல ஒரு நாள் படிப்பு சொல்லிக்குடுக்க மட்டும். அன்னிக்கு தியேட்டர் பக்கம் கூப்பிடக் கூடாதாம். அத எழுதிக் குடுக்கணுமாம். கணக்கதிகாரி குதிக்கறாரு, சம்பளம் முழுசா வாங்கிட்டு ஒரு நாள் சும்மா உக்காருவாங்களான்னு. நீங்க ஏதாவது சொல்லிக் குடுத்தீங்களா?" "நான் ஒண்ணும் சொல்லல சார்." "அப்ப அந்த ஒரு நாள் யார் நிப்பாங்க, அதச் சொல்லுங்க." "நான் நிக்கறேன்." "உங்களுக்கே மூச்சு விட நேரம் இல்லையே மேடம்... அவங்க வந்தா நீங்க கொஞ்சம் ஊருக்குப் போயிட்டு வரலாம்னுதான் நான் நினைச்சேன். பேரனக்கூட நீங்க இன்னும்..." "நான் நிக்கறேன் சார். எழுதிக் குடுத்துடுங்க." டீன் நிம்மதியாக மூச்சு விட்டது போனில் கேட்டது. அப்பாடா, ஒரு ஆள் கிடைத்தது, என்றார். ஆமாம் சார், என்றாள்.

உடை மாற்றும் அறையில் யாரும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினாள், மாஸ்க்கின் கயிறு கன்னத்தில் பள்ளம் போட்டிருந்தது, தண்ணீர் பாட்டிலை ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். கணவருக்குச் சொல்ல வேண்டும், ஆள் கிடைச்சாச்சுங்க, என்று, எவ்வளவு நாளாகச் சொல்ல நினைத்த வார்த்தை, போனைக் கையில் எடுத்தாள், பேரை அழுத்தினால் போதும், இந்த நேரத்தில் அவர் சும்மாதான் இருப்பார், குழந்தை தூங்குகிற நேரம்... ஏன் அழுத்தவில்லை? நான் நிக்கறேன் என்று எவ்வளவு வேகமாகச் சொன்னாள், டீன் கேள்வியை முடிப்பதற்குள், வேறு யாரையாவது மாற்றி நிறுத்தலாமா என்று ஒரு நொடி யோசித்தாளா, இந்தப் பெண்ணுக்காகவா சொன்னாள், மாணவர்களுக்காகவா, அப்படித்தான் நினைத்தாள், அப்படியும் இருக்கலாம். ஆனால் சேர்றாங்க என்று டீன் சொன்னபோது, அந்த முதல் நொடியில், நெஞ்சுக்குள் என்னவோ விழுந்ததே, அது சந்தோஷம் இல்லையே. பயமா? எதற்கு? மகன் வீட்டுக்குப் போனால் அங்கே என்ன செய்வாள், குழந்தையை எப்படித் தூக்குவது என்று மருமகளிடம் கேட்க வேண்டும், அவர் எதிரில் நாள் முழுக்க உட்கார வேண்டும், என்ன பேசுவது, முழித்துக்கொண்டிருக்கிறவர்களோடு என்ன பேசுவது... ஆள் இல்லைங்க, ஆள் இல்லைங்க, ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அது உண்மைதான், ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை, ஆனாலும் சொல்லி முடித்ததும் உள்ளுக்குள் ஒரு சின்ன நிம்மதி வருமே, அது எப்போதிலிருந்து? போன் திரை அணைந்துவிட்டது. வெளியே நடைபாதையில் டிராலி உருண்டு போகும் சத்தம் கேட்டது, யாரையோ எங்கேயோ கொண்டு போகிறார்கள். அவளை யாரும் கூப்பிடவில்லை. அதற்குள் அவள் எழுந்து, தொப்பியைத் தலையில் இழுத்துவிட்டிருந்தாள்.